வழக்கு காத்திருக்கட்டும், எவ்வளவு நாள்? போர்ப்பணியில் இருப்போரும் நீதிமன்றமும்

ராணுவத்தில் இருக்கும் ஒருவர் மீது சொந்த ஊர் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போடுகிறார்கள். வாய்தா நாளில் அவர் லடாக்கில் பனிக்குள் நிற்கிறார். லீவு கிடைக்கவில்லை. வழக்குப் போட்டவர் தம் வக்கீலோடு கோர்ட்டுக்கு வந்துவிட்டார். நீதிபதி என்ன செய்ய வேண்டும்? பிரதிவாதி ஆஜராகவில்லை என்று எழுதி ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பளித்தால், நாட்டின் எல்லையில் நிற்பவர் அந்த நாட்டின் நீதிமன்றத்திலேயே நிலத்தை இழக்கிறார். அவர் வரும்வரை வழக்கை நிறுத்திவைத்தால், எதிரே நிற்பவரின் பணமோ வீடோ ஜீவனாம்சமோ ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் தொங்கும்.

இந்த இரண்டு நியாயங்களுக்கும் இடையே சட்டங்கள் எப்படி வழி கண்டன, இந்தியச் சட்டம் எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே நழுவுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கை ஒத்திவைப்பது படைவீரருக்கு அரசு செலுத்த வேண்டிய கடன். யாரும் காட்டும் சலுகை அல்ல. ஆனால் அது பாதிக் கடன்தான். அவர் லீவில் வரும்போது வழக்கை எடுத்து முடித்துக் கொடுப்பது மறுபாதி. இரண்டுமே நடக்க வேண்டுமானால், வராதவர் ஏன் வரவில்லை என்பது நீதிமன்றத்துக்குத் தெரிந்தாக வேண்டும். நம் நாட்டில் கோளாறு தொடங்கும் இடம் அதுதான்.

பழமையான கேள்வி

இது நவீன ராணுவங்களோடு பிறந்த சிக்கல் அல்ல. வழக்கு நடைமுறையை விரிவாகப் பேசும் நாரத ஸ்மிருதி, யாரையெல்லாம் வழக்குக்காகத் தடுத்து வைக்கவோ அழைக்கவோ கூடாது என்று ஒரு பட்டியல் தருகிறது. நோயாளி, திருமணம் செய்யவிருப்பவர், வேள்வியில் இருப்பவர், அரசப்பணியில் இருப்பவர், மாடு மேய்த்துக்கொண்டிருக்கும் இடையர், பயிர்வேலையில் இருக்கும் உழவர் ஆகியோரோடு, போரில் ஈடுபட்டிருக்கும் வீரரும் அதில் வருகிறார். விலக்கு அந்த ஆளின் தகுதிக்காகத் தரப்படவில்லை, அவர் கையில் அப்போது இருக்கும் வேலைக்காகத் தரப்படுகிறது. வேலை முடிந்தால் விலக்கும் முடியும். இன்றைய சட்டங்கள் எல்லாம் இந்த அளவுகோலையே வைத்துக்கொண்டு நடக்கின்றன.

ரோமானியச் சட்டம் இன்னொரு படி போனது. அரசுப் பணிக்காக வெளியூரில் இருந்த காலத்தில் உரிமை இழந்தவர், திரும்பிவந்து குறித்த காலத்துக்குள் கேட்டால் பழைய நிலையை மீட்டுக்கொள்ளலாம். அதே விதி மறுபக்கமும் வேலை செய்தது. வெளியூரில் இருந்தவர் மீது வழக்குத் தொடுக்க முடியாமல் உரிமை இழந்தவருக்கும் பரிகாரம் உண்டு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்விக்கு இரண்டு முகங்கள் இருப்பதை அந்தச் சட்டம் கண்டிருந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பல மாநிலங்கள் படைவீரர் மீதான வழக்குகளை மொத்தமாக நிறுத்திவைத்தன. 1918இல் முதல் உலகப்போருக்காக அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு தேசியச் சட்டம் இயற்றியபோது, அதை வரைவதில் முன்னின்ற சட்ட அறிஞர் ஜான் ஹென்றி விக்மோர் அந்த மொத்தத் தடையைக் கைவிட்டார். ஒவ்வொரு வழக்கிலும் ராணுவப் பணி உண்மையிலேயே குறுக்கே நிற்கிறதா என்று நீதிபதி பார்த்து முடிவு செய்யட்டும் என்பது அவர் வழி. கடன் கொடுத்தவரும் வாடகைக்கு விட்டவரும் கூடக் குடிமக்களே என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது.

1925ஆம் ஆண்டுச் சட்டம்

முதல் உலகப்போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து பிரான்சிலும் மெசபடோமியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பணியாற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து விவசாயக் குடும்பங்களிலிருந்து போனவர்கள். ஊரில் இருந்த சொத்து நிலம். ஊரில் இருந்த வழக்கும் நிலத்தைப் பற்றியதே. ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பங்காளியோ கடன் கொடுத்தவரோ வழக்குப் போட்டால் யார் பதில் சொல்வது? 1918இல் ஆங்கிலேய அரசு இந்தியப் படைவீரர் வழக்காடல் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1925இல் அதற்குப் பதிலாக நிலையான சட்டம் ஒன்று வந்தது. அந்த 1925ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டமே, சில திருத்தங்களோடு, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நூறாண்டு கடந்த இந்தச் சட்டத்தை வக்கீல்களிலேயே பலர் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதன் அமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது அவசியம்.

சட்டம் இரண்டு நிலைகளைப் பிரிக்கிறது. ஒன்று போர்ச் சூழலில் பணி. ஒன்றிய அரசு போர்நிலை என்று அறிவித்த சண்டைக் காலத்திலும் அதற்குப் பின் ஆறு மாதம் வரையிலும், வெளிநாட்டில் இருப்பவர், களப்பணிக்குக் கிளம்ப உத்தரவு பெற்றவர், திரட்டப்பட்ட யூனிட்டில் இருப்பவர், கோர்ட்டுக்கு வர லீவு கிடைக்காத நிலையில் இருப்பவர் ஆகியோர் இதில் அடங்குவர். மற்றது சிறப்புச் சூழலில் பணி. இது போர்ச் சூழலையும் உள்ளடக்கிய அகன்ற வகை. போர் அறிவிக்கப்படாத காலத்திலும் பாதுகாப்புக் கிடைப்பதற்கு இந்த இரண்டாம் வகையே காரணம். கார்கில் போல முறையான போர் அறிவிப்பு இல்லாத சண்டைகளைப் பார்த்துவிட்ட நமக்கு இதன் அருமை புரியும்.

அடுத்து, நீதிமன்றத்துக்கு யார் தகவல் சொல்ல வேண்டும் என்ற கேள்வி. சட்டம் இங்கே மூன்று பேரை நிறுத்துகிறது. முதலாமவர் வழக்குப் போடுகிறவர். எதிர்த்தரப்பு சிறப்புச் சூழலில் பணியாற்றும் படைவீரர் என்று நம்பக் காரணம் இருந்தால், அதைப் பிராதிலேயே எழுத வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. இரண்டாமவர் மாவட்ட ஆட்சியர். தம் மாவட்டத்தில் வசிக்கும் அல்லது சொத்து வைத்திருக்கும் படைவீரர் ஒருவரால் வழக்கில் ஆஜராக முடியாது என்று தெரிந்தால், அவரே நீதிமன்றத்துக்குச் சான்று எழுதலாம் என்கிறது 5ஆம் பிரிவு. மூன்றாமவர் நீதிபதி. ஆட்சியர் எழுதினாலும் சரி, நீதிமன்றத்துக்கே நம்பக் காரணம் இருந்தாலும் சரி, படைவீரருக்காக ஆஜராக அதிகாரம் பெற்றவர் யாரும் இல்லையென்றால் வழக்கை நிறுத்திவைத்து, உரிய படை அதிகாரிக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது 6ஆம் பிரிவு.

படை அதிகாரி, இவர் சிறப்புச் சூழலில் இருக்கிறார், நீதியின் பொருட்டு ஒத்திவைப்பு தேவை என்று சான்றளித்தால் நீதிமன்றம் ஒத்திவைத்தே ஆக வேண்டும். சான்றில் காலம் குறித்திருந்தால் அந்தக் காலத்துக்கு. இல்லையென்றால் நீதிமன்றம் தேவை என்று கருதும் காலத்துக்கு. படைவீரர் அதே மாவட்டத்தில் வசிப்பவரானால் இரண்டு மாதத்துக்குள்ளும் மற்றபடி மூன்று மாதத்துக்குள்ளும் சான்று வராவிட்டால், நீதிமன்றம் வழக்கை மேலே நடத்தலாம். பதில் எழுதாத ஓர் அலுவலகத்துக்காக வழக்கு முடிவில்லாமல் காத்திருக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பின் நியாயத்தை 1925இலேயே இந்தச் சட்டம் எண்ணிப் பார்த்திருக்கிறது.

தீர்ப்பு வந்துவிட்ட பிறகும் வழி உண்டு. போர்ச் சூழலிலோ சிறப்புச் சூழலிலோ இருந்தபோது தமக்கு எதிராகப் பிறந்த தீர்ப்பாணையை நீக்கக் கோரி படைவீரர் மனுச் செய்யலாம். அதற்குச் சட்டம் தரும் காலம் 90 நாள். சாதாரணக் குடிமகன் ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கேட்க வேண்டிய காலம் 30 நாள்தான். வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பைக் கணக்கிடும்போதும் சிறப்புச் சூழலில் பணியாற்றிய காலம் கழிக்கப்படும். பணியிலேயே இறந்துவிட்டால், இறந்த நாளிலிருந்து குடும்பத்துக்கு அதிகாரபூர்வத் தகவல் அனுப்பிய நாள் வரையான காலமும் கழியும். சாவுச் செய்தி வந்துசேரும்வரை குடும்பத்தின் உரிமைக் கடிகாரம் ஓடக் கூடாது என்று கருதிய சட்டம் இது. நூறாண்டுக்கு முன் எழுதிய கைக்கு அந்தக் கரிசனம் இருந்திருக்கிறது.

சம்மன் போகும் வழி

ஏட்டில் இவ்வளவு இருந்தும் நடைமுறையில் பாதுகாப்பு நழுவுவது எங்கே? சம்மன் சார்வு ஆகும் இடத்தில்.

வேலூர் மாவட்டத்தில், ராணுவப்பேட்டை என்றே பெயரெடுத்த கம்மவான்பேட்டை போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஒரு ஹவில்தார் மீது பாகப்பிரிவினை வழக்குப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிராதில் அவர் பெயருக்குக் கீழே ஊர் வீட்டு முகவரிதான் இருக்கிறது. அமீனா அங்கே போகிறார். ஆள் இல்லை. விரைவில் வர வாய்ப்பும் இல்லையென்றால், வீட்டில் உள்ள வயதுவந்த குடும்ப உறுப்பினரிடம் சம்மனைக் கொடுக்கலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. வயதான தாய் கைரேகை வைத்து வாங்கிக்கொள்கிறார். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டலாம். கோர்ட் ஏட்டில் சம்மன் சார்வானதாகப் பதிவாகிறது. வாய்தா நாளில் மூன்று முறை கூப்பிடுகிறார்கள். ஆள் வரவில்லை. வழக்கு ஒருதலைப்பட்சமாகிறது.

அதே நடைமுறைச் சட்டத்தின் 5ஆம் கட்டளை, 28ஆம் விதி இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. பிரதிவாதி படைவீரர் என்றால் சம்மனை அவருடைய கமாண்டிங் ஆபீசருக்கு அனுப்ப வேண்டும். பெற்றுக்கொண்ட அதிகாரி அதைச் சார்வு செய்து கையெழுத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும். களத்தில் இருக்கும் யூனிட்டின் முகவரி ஊர்ப்பெயர் இல்லாமல், மூலம் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று ராணுவ அஞ்சலகத்தின் எண்ணோடு முடியும். இருப்பிடம் வெளியே தெரியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. கடிதம் நிச்சயம் போய்ச் சேரும். ஆனால் பிராதில் அந்த முகவரியை எழுதுவதற்கு வாதிக்கு மனம் வேண்டும். பங்காளிக்குத் தம்பி எந்த ரெஜிமெண்டில் இருக்கிறார் என்று தெரியாமல் இருக்காது. ஊர்த் திருவிழாவுக்கு அவர் அனுப்பிய பணத்தின் கணக்குக்கூடத் தெரியும். பிராதில் மட்டும் அவர் தொழில் விவசாயம் என்று இருக்கும்.

தகவல் சொல்லும் முதல் கடமையைச் சட்டம் யாரிடம் கொடுத்திருக்கிறதோ, அவருக்கே அதை மறைப்பதில் லாபம். இந்த முரணை மீதி இரண்டு பேரும் ஈடுகட்ட வேண்டும். ஆனால் ஆட்சியருக்கு வழக்குப் பற்றித் தெரிய வழியில்லை; முன்சீப் கோர்ட்டில் பதிவாகும் வழக்குகளின் பட்டியல் அவர் மேசைக்குப் போவதில்லை. நீதிபதிக்கு நம்பக் காரணம் வேண்டும். பிராதில் விவசாயம் என்று எழுதியிருந்தால் காரணம் எங்கிருந்து வரும்? வர முடியாதவர் தாம் வர முடியாததை வந்து சொல்ல முடியாது. பாதுகாப்பு முழுவதும் பிறர் வாயைச் சார்ந்து நிற்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஆம் கட்டளைப்படி, லீவு கிடைக்காத படைவீரர் தமக்குப் பதிலாக வழக்கு நடத்த வேறொருவருக்கு அதிகாரம் கொடுக்கலாம். கமாண்டிங் ஆபீசர் முன்னால் கையெழுத்திட்டு, அவர் மேலொப்பமிட்டால் போதும். தனிச் சாட்சியம் தேவையில்லை. எளிமையான, நல்ல ஏற்பாடு. ஆனால் அப்படி ஒருவர் ஆஜராகிவிட்டால், ஆள் இல்லாதவருக்காக 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு விதிக்கும் கட்டாய நிறுத்தம் கிடைக்காது. அண்ணனுக்குப் பவர் கொடுத்துவிட்டுப் போனவரின் வழக்கில், அந்த அண்ணனே பங்கு கேட்கும் கட்சியாகவும் இருந்தால் நிலைமை என்ன ஆகும் என்பதைப் படைவீரர்கள் பவர் எழுதும் முன்பே யோசிக்க வேண்டும்.

நிறுத்துவது ஒரு பாதி, முடிப்பது மறுபாதி

படைவீரருக்கு வாய்தா வாங்கிக் கொடுப்பதோடு நீதி முடிந்துவிடாது. நம் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சிவில் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. அந்தத் தேக்கத்தில் ஒத்திவைக்கப்பட்ட வழக்கு அடியில் போய்விடும். ஒவ்வொரு லீவிலும் கோர்ட்டுக்கு அலைந்து, அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு ரயிலேறுகிறவருக்கு அந்த ஒத்திவைப்பே தண்டனையாகிவிடுகிறது.

இதற்கு 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 32ஆம் பிரிவில் மருந்து இருக்கிறது. வழக்கு நடத்துவதற்காக லீவு தரப்பட்டிருக்கிறது, அல்லது கேட்கப்பட்டிருக்கிறது என்று உரிய ராணுவ அதிகாரி சான்று தர வேண்டும். அதில் லீவின் முதல் நாளும் கடைசி நாளும், என்ன வழக்கு என்பதும் இருக்க வேண்டும். அதைக் கொடுத்து மனுச் செய்தால், நீதிமன்றம் முடிந்தவரை அந்த லீவுக்குள்ளேயே வழக்கை விசாரித்து முடிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது. முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று நீதிபதி காரணத்தை எழுதி, படைவீரர் கேட்டால் நகலும் தர வேண்டும்.

காரணம் எழுத வேண்டும் என்ற அந்த ஒரு வரியில் பெரிய பலம் இருக்கிறது. பலம் இருந்தும் அது பயன்பட வேண்டுமானால் மனு முன்கூட்டியே வர வேண்டும். லீவு தொடங்கிய பிறகு வக்கீலைப் பார்த்து, சான்று கேட்டு யூனிட்டுக்கு எழுதி, அது வந்து சேர்வதற்குள் லீவு தீர்ந்துவிடும். லீவைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். குழந்தைகளின் பள்ளி விடுமுறையும் ஊர்த் திருவிழாவும் சேர்ந்து வருவதால் பலர் மே மாதத்தில் ஊருக்கு வருகிறார்கள். தமிழ்நாட்டில் சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறையும் மே மாதத்தில்தான். வழக்குள்ளவர் அந்த மாதத்தில் வந்தால் கோர்ட் வாசல் பூட்டியிருக்கும். யூனிட்டில் லீவு பட்டியல் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தால் பல ஆண்டு அலைச்சல் குறையும்.

அமெரிக்காவின் வழி

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்கச் சட்டமே மிக வளமானது. 1918ஆம் ஆண்டுச் சட்டம் போரோடு முடிந்தது. 1940இல் புதுச் சட்டம் வந்தது. 2003இல் அது முழுமையாகத் திருத்தி எழுதப்பட்டது.

அங்கே பிரதிவாதி ஆஜராகாத எந்தச் சிவில் வழக்கிலும், அவர் படைப்பணியில் இருக்கிறாரா இல்லையா என்று வாதி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்த பிறகே தீர்ப்புக் கேட்க முடியும். தெரிந்தே பொய் சொன்னால் சிறைத்தண்டனை வரை போகும். தெரியாது என்று சும்மா சொல்லிவிடவும் முடியாது. படைப்பணியில் இருப்பவரா என்று சரிபார்க்கப் பாதுகாப்புத் துறை ஓர் இணையதளமே வைத்திருக்கிறது. படையில் இருப்பவர் என்று தெரிந்தால், அவருக்காக வக்கீல் ஒருவரை நியமிக்காமல் நீதிமன்றம் தீர்ப்பளிக்கக் கூடாது. நம் சட்டத்தில் நம்பக் காரணம் இருந்தால் எழுது என்று இருப்பது, அங்கே விசாரித்து அறிந்து சத்தியம் செய் என்று இருக்கிறது.

வழக்குத் தகவல் கிடைத்த படைவீரர் தாமே ஒத்திவைப்புக் கேட்கும்போது இரண்டு தாள்கள் வேண்டும். பணி எப்படிக் குறுக்கே நிற்கிறது, எந்தத் தேதியில் வர முடியும் என்று அவர் எழுதுவது ஒன்று. இப்போது லீவு தர முடியாது என்று கமாண்டிங் ஆபீசர் எழுதுவது மற்றொன்று. இரண்டும் இருந்தால் குறைந்தது 90 நாள் ஒத்திவைப்பு கட்டாயம். அதற்கு மேல் கேட்டால் நீதிபதியின் விருப்பம். மறுத்தால் வக்கீல் நியமிக்க வேண்டும். எந்தத் தேதியில் வர முடியும் என்ற கேள்வி மனுவிலேயே இருப்பதை நாம் கவனிக்க வேண்டும். முடிவு தெரியாத காத்திருப்பை எதிர்த்தரப்பின் தலையில் கட்டாமல் இருக்க அதுவே வழி.

இந்தப் பாதுகாப்பைக் கேடயமாகப் பிடிக்கலாம், வாளாக வீசக் கூடாது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943இல் பூன் எதிர் லைட்னர் வழக்கில் காட்டியது. மகளுக்கான அறக்கட்டளைப் பணத்துக்குக் கணக்குக் காட்டும்படி தந்தை மீது வழக்கு. தந்தை ராணுவ கேப்டன். ஆனால் அவருக்குப் பணி வாஷிங்டன் அலுவலகத்தில். உலகப்போரின் நடுவிலும் நீதிமன்றம் ஒத்திவைப்பு மறுக்கப்பட்டதைச் சரி என்றது. நாட்டுக்காகத் தம் சொந்தக் காரியங்களைப் போட்டுவிட்டுப் போனவர்களுக்குச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று சொன்ன அதே தீர்ப்பு, சீருடை மட்டுமே காரணமாகிவிடாது என்றும் சொன்னது. அந்த இரண்டு வாக்கியங்களும் சேர்ந்தே நியாயமாகின்றன.

எதிர்த்தரப்பில் நிற்பவர் யார்?

பங்காளியையும் கடன்காரரையும் மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைப் பேசினால் அது அரைகுறைப் பேச்சு. பல வழக்குகளில் எதிரே நிற்பது மனைவி. குழந்தைக்குப் பால் வாங்கவும் பள்ளிக் கட்டணம் கட்டவும் ஜீவனாம்சம் கேட்டு நிற்கிறார். அவருக்கு ஆறு மாத ஒத்திவைப்பு என்பது ஆறு மாதப் பட்டினி.

1925ஆம் ஆண்டுச் சட்டம் சிவில், வருவாய் நீதிமன்றங்களுக்கே பொருந்தும். குற்றவியல் நடைமுறையின் வழியாக வரும் ஜீவனாம்ச மனு அதற்குள் நேரடியாக அடங்காது. ஆனால் விவாகரத்து வழக்கு அடங்கும். தவிர, படைவீரரின் சம்பளத்தைச் சிவில் நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது என்று ராணுவச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தடுக்கிறது. இதற்கு மாற்றாக, மனைவி குழந்தைகளின் பராமரிப்புக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்து தர ராணுவத்துக்கே அந்தச் சட்டம் அதிகாரம் தருகிறது. கணவர் கோர்ட்டுக்கு வர முடியாத காலத்தில் மனைவி யூனிட் வழியாக இதைக் கேட்கலாம். இந்த வழி இருப்பதே தெரியாமல் கோர்ட் வாசலில் காத்திருக்கும் பெண்களுக்கு அதைச் சொல்வது வக்கீல்களின் கடமை.

உக்ரைன் இந்தச் சங்கடத்தின் கடுமையான வடிவத்தை இப்போது வாழ்ந்துகொண்டிருக்கிறது. போர்நிலைக்கு மாற்றப்பட்ட படைகளில் ஒரு தரப்பு இருந்தால் சிவில் வழக்கை நிறுத்திவைக்க வேண்டும் என்பது அந்நாட்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம். 2022இல் முழுப்போர் மூண்டபின் பெரும் எண்ணிக்கையில் குடிமக்கள் படையில் சேர்ந்தார்கள். போர் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. சிறு மோதல்களுக்குப் பொருந்தும் விதி, நாடே படையில் நிற்கும்போது எதிர்த்தரப்பை எவ்வளவு தூரம் காக்க வைக்கும் என்பதை அது காட்டுகிறது. தேதி இல்லாத ஒத்திவைப்பு ஒருவரைக் காப்பாற்றும்போதே இன்னொருவரைக் கைவிடுகிறது.

அமெரிக்கா குழந்தைப் பொறுப்பு வழக்குகளில் கண்ட வழி நடுநிலையானது. தாயோ தந்தையோ பணிக்குப் போயிருக்கும் காலத்துக்குக் குழந்தையின் பொறுப்பைப் பற்றித் தற்காலிக உத்தரவு போடலாம். பணிக்குப் போனதை மட்டுமே காரணமாக்கி நிரந்தரமாக உரிமையைப் பறிக்கக் கூடாது. குழந்தை காத்திருக்கவும் வேண்டாம், படைவீரர் இழக்கவும் வேண்டாம். நம் நாட்டில் ஒத்திவைக்கப்படும் குடும்ப வழக்குகளிலும் இந்த முறையில் இடைக்கால உத்தரவு போடுவது நியாயமாக இருக்கும்.

காணொலி போதுமா?

இப்போதுதான் காணொலி வந்துவிட்டதே, எதற்கு ஒத்திவைப்பு என்று கேட்பவர்கள் உண்டு. சாட்சியத்தைக் காணொலியில் பதியலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003இலேயே பிரபுல் தேசாய் வழக்கில் ஏற்றுக்கொண்டது. அதற்கும் முன்பே, பொதுப்பணிக்குக் கேடு வராமல் நேரில் வர முடியாத அரசு ஊழியரைக் கமிஷன் அனுப்பி விசாரிக்க நடைமுறைச் சட்டத்தில் வழி இருந்தது. சாட்சியாக மட்டும் இருப்பவருக்கு இவை போதும். ஒரு மணி நேர வேலை.

கட்சிக்காரருக்குப் போதாது. வழக்கு நடத்துவது கேமரா முன் பதில் சொல்வது மட்டுமல்ல. கிரயப் பத்திரத்தைத் தேட வேண்டும், வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும், கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க வேண்டும், சாட்சிகளை அழைத்து வர வேண்டும், வக்கீலோடு உட்கார்ந்து பேச வேண்டும். சியாச்சின் காவல்நிலையிலிருந்து இவற்றைச் செய்ய முடியாது. பாதுகாப்புக் காரணமாகத் தனிக் கைப்பேசிக்குத் தடை உள்ள இடங்களும் உண்டு. காணொலி ஒத்திவைப்பைக் குறைக்கலாம். அதன் இடத்தைப் பிடிக்க முடியாது.

போர் யாருடைய கடிகாரத்தை நிறுத்துகிறது?

போர் படைவீரரை மட்டும் நீதிமன்றத்திலிருந்து பிரிப்பதில்லை. இலங்கையில் வடகிழக்குத் தமிழர்கள் லட்சக்கணக்கில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில், அவர்கள் காணியில் வேறொருவர் குடியேறி ஆண்டுகள் ஓடிவிட்டன. நீண்டகால அனுபவத்தால் உரிமை சேரும் என்ற சட்டம் அந்தக் குடியேறியவருக்குச் சாதகமாக நின்றது. 2016இல் இலங்கை நாடாளுமன்றம் 5ஆம் எண் சட்டத்தின் மூலம் இதற்கு ஒரு விதிவிலக்கு வைத்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, ஆயுதக் குழுவின் செயல்களால் உரிமையைக் கேட்க முடியாமல் போனவர்களுக்கு அந்தக் காலம் கணக்கில் சேராது. சட்டம் வந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். இடம்பெயர்ந்து சிதறிய குடும்பங்களுக்கு இரண்டு ஆண்டு குறுகிய அவகாசம்தான். ஆனாலும் அடிப்படை நெறி ஒன்றே: போர் ஒருவரைக் கோர்ட்டுக்கு வரவிடாமல் தடுத்தால், அவருக்கு எதிராகக் காலம் ஓடக் கூடாது. அவர் துப்பாக்கி ஏந்தியவரா, மூட்டை சுமந்து ஓடியவரா என்பது அடுத்த கேள்வி.

செய்ய வேண்டியவை

இந்தியாவில் புதிதாக ஒரு சட்டத்தைத் தொடக்கத்திலிருந்து எழுத வேண்டியதில்லை. இருப்பதை இயங்க வைப்பதற்கு நான்கு காரியங்கள் செய்தால் போதும்.

முதலாவது, சிவில் வழக்கில் ஒருதலைப்பட்சத் தீர்ப்புக் கேட்கும் ஒவ்வொரு வாதியும், பிரதிவாதி படைப்பணியில் இருக்கிறாரா என்பதை விசாரித்து அறிந்து பிரமாணப் பத்திரம் தர வேண்டும். உயர்நீதிமன்றங்கள் தம் நடைமுறை விதிகளிலேயே இதைச் சேர்க்கலாம். ஒரு தாள் கூடும். ஒரு குடும்பத்தின் நிலம் பிழைக்கும்.

இரண்டாவது, ஆட்சியரின் 5ஆம் பிரிவு அதிகாரத்துக்கு உயிர் கொடுக்க வேண்டும். பல மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ஊரில் இருக்கும் தாயோ மனைவியோ சம்மனை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தால், அங்கிருந்து ஆட்சியருக்கும் ஆட்சியரிடமிருந்து கோர்ட்டுக்கும் சான்று போகும் வழியை நிலையாக அமைக்க வேண்டும். தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலை 26 அன்று படைவீரர் குடும்பங்களுக்கான வீர் பரிவார் சஹாயதா திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. படைவீரர் நல வாரியங்களில் சட்ட உதவி மையங்கள் அமைப்பது அதன் நோக்கம். அந்த மையத்தின் முதல் வேலை இந்தச் சான்றை வாங்கிக் கொடுப்பதாக இருக்கட்டும்.

மூன்றாவது, ஒத்திவைக்கும் ஒவ்வொரு உத்தரவிலும் அடுத்த லீவு எப்போது என்ற கேள்விக்குப் பதிலும் தேதியும் இருக்க வேண்டும். அந்தத் தேதியில் ராணுவச் சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி வழக்கு தொடர்ந்து விசாரிக்கப்பட வேண்டும். இடைப்பட்ட காலத்தில் சொத்தை விற்காமல், மாற்றாமல் காக்கும் தடையுத்தரவும், மனைவி குழந்தைகளுக்கான இடைக்காலத் தொகையும் ஒத்திவைப்போடு சேர்ந்தே வர வேண்டும்.

நான்காவது, 1925இல் இல்லாத மன்றங்களையும் படைகளையும் சட்டம் பார்க்க வேண்டும். நுகர்வோர் ஆணையம், வாடகை நீதிமன்றம், கடன் மீட்புத் தீர்ப்பாயம் போன்றவை அப்போது இல்லை. பட்டா மாறுதல் விசாரணை வருவாய் நீதிமன்றம் என்ற சொல்லுக்குள் வருமா என்பதில் தெளிவு வேண்டும். சட்டத்தின் வரையறை ராணுவச் சட்டம், விமானப்படைச் சட்டம் போன்ற படைச் சட்டங்களுக்கு உட்பட்டவர்களையே படைவீரர் என்கிறது. வேறு அரசுப் பணியினருக்கு நீட்டிக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் உண்டு. எல்லைப் பாதுகாப்புப் படையினரும் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினரும் அதே எல்லையிலும் அதே காட்டிலும் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஐயம் வராதபடி இந்தப் பாதுகாப்பை உறுதி செய்ய வேண்டும்.

லீவு தராதது அரசு. அந்த அரசின் நீதிமன்றமே, ஏன் வரவில்லை என்று கேட்டு அவருக்கு எதிராகத் தீர்ப்பு எழுதுவது ஒரு நாடு தன் சொல்லைத் தானே மீறுவதாகும். அவருக்காக வழக்கை நிறுத்திவைக்கும் கடமையும், அவர் எதிரே காத்திருப்பவருக்காக அதை விரைந்து முடிக்கும் கடமையும் ஒரே கையில் இருக்கின்றன. இரண்டையும் செய்யச் சட்டம் ஏற்கெனவே அதிகாரம் தந்திருக்கிறது. கேட்க வேண்டியது வக்கீல்கள், தகவல் சொல்ல வேண்டியது ஆட்சியரும் யூனிட்டும், தேதி குறிக்க வேண்டியது நீதிபதி.